பொங்கலுக்கு ஹோட்டலில் ஆர்டர் பண்ண வேண்டாம்

ஐயா,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் கேட்டோம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, இந்தத் தடவை ரோட்டில் பொங்கல் வைக்க வேண்டாம், ஹோட்டலில் சொல்லிக்கொள்ளலாம் என்று நீ சொன்னது பாசத்தில்தான், தெரியுது. ஆனால் துபாயில் லீவு கேட்டுக் கெஞ்சி வாங்கி தாராவிக்கு வருகிறவன், பிளாஸ்டிக் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடவா வருகிறாய்? நைன்ட்டி ஃபீட் ரோட்டில் வரிசையாக எல்லாரும் அடுப்பு மூட்டும்போது நான் மட்டும் ஜன்னலில் நின்று பார்க்க மாட்டேன். பொங்கல் உண்டு.

நீ அனுப்பின 'சாப்பிடக் கூடாதது' பட்டியலைத் தங்கச்சி படித்துக் காட்டினாள். அதில் பாதி, குரோன்ஸ் என்கிற வேறொரு குடல் நோய் வந்து குடல் சுருங்கிப்போனவர்களுக்குச் சொன்னது. எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் வருகிற புண். நான் எதையோ தின்று இழுத்துக்கொண்டதும் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவதால் வருவது. ரத்தம் போகிற நாட்களில் நார், காரம், எண்ணெய் எதுவும் ஆகாது, குழைந்த சோறும் மோரும்தான். அடங்கியிருக்கும்போது வாயை அவ்வளவு கட்ட வேண்டாம், மாத்திரையைத்தான் விடக் கூடாது. இப்போது அடங்கித்தான் இருக்கு. ஸ்டீராய்டையும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார், முகத்து வீக்கம் வடிந்ததை வீடியோ காலில் நீயே பார்த்தாயே.

ஆகவே வெள்ளைப் பொங்கல் நன்றாகச் சாப்பிடுவேன், சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி. காய்க்குழம்பில் மொச்சையை ஒதுக்கிவிட்டுப் பூசணியும் தடியங்காயும் எடுத்துக்கொள்வேன். கரும்பு கூடாது என்று எழுதியிருக்கிறாய். சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பத்தானே போகிறேன், சக்கையைத் தின்ன நான் என்ன மாடா? பனங்கிழங்கு மட்டும் வேண்டாம், அது நமக்குத்தான் ஊர்ப் பெருமை, என் குடலுக்கு வெறும் நார். பக்கத்து வீட்டு மராத்தி அக்கா சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுத்தால் ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொள்வேன், நீ அந்த நேரம் முறைக்காதே.

சாப்பாட்டை விடப் பெரிய யோசனை கக்கூஸ்தான். இந்த நோயில் வந்தால் வந்ததுதான், அடக்க முடியாது, அதிலும் எனக்குக் காலையில்தான் அவசரம் அதிகம், பொங்கலும் காலையில்தான் வைக்கணும். பழைய வீட்டில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்ற காலத்தில், நல்லவேளை, இது வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். குடிசைக்குப் பதிலாகக் கொடுத்த இந்த எஸ்.ஆர்.ஏ. பில்டிங்கில் 225 சதுர அடிதான் என்றாலும் கதவைச் சாத்திக்கொள்ள நமக்கென்று ஒன்று இருக்கு. ஆனால் வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று சொசைட்டிக்காரர்களுக்கே தெரியாது. அதனால் கீழ்வீட்டு அக்காவிடம் பேசி வைத்திருக்கிறேன், அன்றைக்குக் கதவைத் தாழ் போட மாட்டாள். பானையையும் பில்டிங் வாசலை ஒட்டித்தான் வைக்கப் போகிறோம்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். பால் பொங்கி வருகிற நேரம் பார்த்து நான் எழுந்து போனால், பின்னாலேயே ஓடி வந்து ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி 'என்னம்மா, என்னம்மா' என்று கத்தாதே. கரண்டியை வாங்கிக் கிண்டு, அடிப்பிடிக்க விடாதே. திரும்பி வந்து குலவையை நான் போட்டுக்கொள்கிறேன், அதற்குத் தொண்டை போதும்.

அத்தையும் வருவாள். போன வருஷம் இதை மூலம் என்று நினைத்து, துத்தி இலையை ஆய்ந்து கட்டிக் கொண்டுவந்தாள், பாவம். இந்தத் தடவை நோயின் பேரை நானே சொல்லிவிடப் போகிறேன், ஒட்டுவாரொட்டி இல்லை என்பதையும் சேர்த்து. நீ நடுவில் புகுந்து 'அம்மாவுக்குச் சும்மா அல்சர்' என்று மழுப்ப வேண்டாம்.

அப்புறம் பெட்டியில் அந்த ஐபுப்ரோஃபென் மாத்திரையை வைக்காதே. முழங்கால் வலிக்கு நல்லதுதான், ஆனால் அந்த வகை மாத்திரை அடங்கியிருக்கிற புண்ணைக் கிளப்பிவிடலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கோடாலித் தைலம் கொண்டு வா. பேரீச்சம்பழம் அப்பாவுக்கு.

போகிக்கு முந்தின நாளே வந்து சேரப் பார். குயவர்கள் இருக்கிற கும்பார்வாடாவில் பானை வாங்க நீதான் போகணும், அப்பாவை அனுப்பினால் தட்டிப் பார்க்காமல் விரிசல் விட்டதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

அம்மா