இறங்காமல் திரும்பும் உரிமை விமானிக்கு உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய விமானம் ஒன்று தரையிறங்கும்போது விபத்துக்குள்ளானால், விசாரணை தொடங்கும் முன்பே பழி முழுவதும் விமானியின் மீது விழுந்துவிடுகிறது. விமானப் பராமரிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையத்துக்கு அருகே வசிப்பவன் என்ற முறையில், இது குறித்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

இறங்குவதா, மீண்டும் மேலெழும்புவதா என்ற முடிவு தலைமை விமானியுடையது. அந்தப் பொறுப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. தரையைத் தொடும் வேகம் 10 சதவீதம் கூடினால், விமானம் நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், சென்னையில் காட்டும் அதே எண்ணை வேகமானி இங்கே காட்டினாலும், சக்கரம் ஓடுபாதையைத் தொடும் உண்மையான வேகம் சுமார் 5 சதவீதம் அதிகம். இதே ஊரின் ஜக்கூர் விமானப் பயிற்சித் தளத்திலோ, பல்லாரி சாலை மேம்பாலம் வந்த பிறகு ஓடுபாதையில் பயன்படுத்தக்கூடிய நீளமும் குறைந்தது. வேகமும் இறக்கமும் உரிய உயரத்துக்குள் சீர்படாவிட்டால் 'கோ-அரவுண்ட்' செய்து, அதாவது இறக்கத்தைக் கைவிட்டு மேலெழும்பி, சுற்றி வர வேண்டும் என்பது பயிற்சியிலேயே சொல்லித்தரப்படும் பாடம்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை? சீராக அமையாத இறக்கங்களில் சுமார் 97 சதவீதம் கைவிடப்படாமல் தரையிறக்கம் வரை தொடரப்பட்டன என்று ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற பன்னாட்டு விமானப் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்தது. அது பயணிகள் விமானச் சேவையைப் பற்றிய கணக்கு. இத்தனை விமானிகள் ஒரே விதமாக நடந்துகொள்கிறார்கள் என்றால், அதைத் தனிமனிதக் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 ஆகஸ்ட் 7 அன்று 21 உயிர்களைப் பறித்த கோழிக்கோடு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமான விபத்தின் விசாரணை அறிக்கை, துணை விமானி 'கோ-அரவுண்ட்' என்று சொல்லியும் தலைமை விமானி இறக்கத்தைத் தொடர்ந்ததைக் காரணமாகக் குறிப்பிட்டது. அதோடு நிற்காமல், நிறுவனத்தின் அமைப்பு சார்ந்த குறைபாடுகளின் பங்கையும் அது பதிவு செய்தது.

சிறிய விமானங்களில் இந்த நெருக்கடி இன்னும் கூடுதல். மழை வலுத்திருந்த ஒரு மாலையில், வாடகை ஜெட் ஒன்று இறங்க முயன்று மேலெழும்பிச் சென்றது. வரவேற்க மாலையோடு நின்றிருந்தவர்களில் ஒருவர், நிறுவன ஊழியரிடம் "கூட்டத்துக்கு நேரமாகிறது, அவர் என்ன சுற்றிக்கொண்டே இருக்கிறார்?" என்று சத்தம் போட்டார். அந்த விமானி செய்ததுதான் சரி. ஆனால், அந்த ஏச்சு மறுநாள் அவர் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்? 2023 செப்டம்பர் 14 அன்று மும்பையில், கனமழையில், 700 மீட்டர் பார்வைத் தொலைவில் இறங்கிய லியர்ஜெட் 45 விமானம் ஓடுபாதையை விட்டு விலகி உடைந்தது. எட்டுப் பேரும் பிழைத்தார்கள். அத்தகைய வானிலையில் வேறு ஊருக்குத் திருப்பிவிடும் முடிவை, உரிமையாளரும் வாடகைக்கு எடுத்தவரும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். எரிபொருள் செலவைக் காட்டிப் பிறகு விளக்கம் கேட்கக் கூடாது.

பயிற்சி மாணவர் தனியாகப் பறக்கும்போது அருகில் எச்சரிக்க ஆளே இல்லை. அவருடைய முடிவில் பாதி, பக்கவாட்டுக் காற்றைப் பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கும் பயிற்றுநருடையது.

விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவது அல்ல, இனி நேராமல் தடுப்பதே என்று பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆவது இணைப்பு சொல்கிறது. தங்கள் செய்தியாளர்களும் விபத்துச் செய்திகளில் விமானியின் பறப்பு அனுபவத்தை மட்டும் கேட்காமல், அன்று அவருக்கு வேறு ஊருக்குப் போக எரிபொருள் இருந்ததா, முந்தைய நாள் எத்தனை மணி நேரம் பணியில் இருந்தார், இதற்கு முன் இறங்காமல் திரும்பிய விமானிகளை அந்த நிறுவனம் எப்படி நடத்தியது என்றும் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பணியாளர்,
ஜீவன்பீமா நகர், பெங்களூரு.