இஸ்பிளாங்க் ஒன்று போதும்: கட்டமைப்புக் குழுவுக்கு ஒரு மடல்

நம் திட்டத்தின் கட்டமைப்புக் குழுவினருக்கு வணக்கம்.

சனிக்கிழமை இரவு பேட்ச் வேலை (மொத்தமாகத் தானே ஓடும் நிரல்) நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். அறிக்கையில் அதை "ஸ்ட்ரிங் சோதனையில் சிறு பிழை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஸ்ட்ரிங் என்றால் நிரலில் எழுத்துகளின் தொடர். அந்த ஒரு வரி எனக்கு ஒரு முழு இரவு.

ஜாவா நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பிலிருந்து 11-க்கு மாறியபோது, ஸ்ட்ரிங் காலியா என்று பார்க்க அப்பாச்சி காமன்ஸ் நிரல் நூலகத்தின் ஸ்ட்ரிங்யூட்டில்ஸ் தரும் இஸ்பிளாங்க்கை எடுத்துவிட்டு, ஸ்ட்ரிங்குக்கே புதிதாக வந்திருந்த இஸ்பிளாங்க்கைப் போட்டோம். பெயர் ஒன்று, குணம் வேறு. பழையதிடம் நல் (மதிப்பே இல்லாத நிலை) போனால் "காலி" என்று பதில் வரும். புதியதை ஸ்ட்ரிங் இருந்தால்தான் கூப்பிடவே முடியும். நல் என்றால் அங்கேயே நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். ரிவ்யூவில் யாரும் கவனிக்கவில்லை. ஒப்புதல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இரவு 1 மணிக்கு என் கையில் இருந்தது ஒரு வரி எண் மட்டுமே. அந்த வரியில் ஆர்டர், அதன் வாடிக்கையாளர், அவர் முகவரி, அதில் ஊர்ப்பெயர், கடைசியில் இஸ்பிளாங்க் என்று அடுத்தடுத்து அழைப்புகள். இதில் எது நல் என்று ஜாவா 11 சொல்லாது. அந்த வசதி 14-இல்தான் வந்தது. ஒவ்வொன்றுக்கும் லாக் (மதிப்பை எழுதிக்காட்டும் வரி) சேர்த்து, மறுபடி மறுபடி ஓட்டி, ஊர்ப்பெயர்தான் என்று கண்டுபிடித்தபோது மணி 4.

நான் கேட்பது ஒன்றுதான்: ஸ்ட்ரிங் காலியா என்று பார்க்க, திட்டம் முழுமைக்கும் நல்லையும் தாங்கும் ஒரே ஒரு மெத்தட் (அழைத்துப் பயன்படுத்தும் நிரல்துண்டு) வேண்டும்.

இப்போது இதற்கென்று மூன்று யூட்டில் வகுப்புகள் (பொதுவான உதவி நிரல்கள்) இருக்கின்றன. ஒன்று வெற்றிடத்தை (ஸ்பேஸ் மட்டும் உள்ள ஸ்ட்ரிங்கை) காலி என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. மூன்றாவது இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடுகிறது; அது எழுத்தைப் பார்ப்பதில்லை, இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். வேறோர் இடத்தில் நல்லோடு காலி ஸ்ட்ரிங்கைக் கூட்டியதால், 'நல்' என்ற சொல்லே வாடிக்கையாளர் பெயராக டேட்டாபேஸில் ஏறியிருக்கிறது. அந்தப் பெயரில் ஒருவருக்குக் கடிதமும் போயிருக்கிறது. மதிப்பு இல்லை என்றால் நல்லா, காலி ஸ்ட்ரிங்கா என்று நாம் ஒருநாளும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. கேட்டபோதெல்லாம் "அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்" என்றீர்கள். எத்தனை ரிலீஸ் போய்விட்டது!

சரி, குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நல், காலி, வெற்றிடம், டேப் நான்குக்கும் டெஸ்ட்டோடு அந்த மெத்தடை எழுதி வைத்திருக்கிறேன். வரும் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, அதையே பொது விதியாக்கி, மற்ற மூன்றையும் நீக்க அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை இரவுப் பணியில் இருந்தவன்