டெக்ஸா ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்த மல்லிகாவுக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும், எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட் நகலும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் சத்தமாகப் படித்து என் உயிரை வாங்குகிறார். பேத்தி பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவிக்குத் தடை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பில் டி ஸ்கோர் மைனஸ் 2.7 என்று பார்த்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த எண் என்ன சொல்கிறது என்று யாரும் உனக்கு விளக்கவில்லை போலிருக்கிறது. ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரி எலும்பு அடர்த்தியோடு உன்னுடையதை ஒப்பிட்டுப் போடும் கணக்கு அது. மைனஸ் 1 வரை சரி. அதற்குக் கீழே போனால் எலும்பு மெலிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மைனஸ் 2.5ஐத் தொட்டால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை நோய். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கோடு இது. நீ கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறாய், அவ்வளவுதான். இன்னும் எதுவும் முறியவில்லை. முறிந்த பிறகுதான் நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பெயரே தெரியவருகிறது.

உனக்கு ஏன் வந்தது என்று கேட்டிருந்தாய். மாதவிடாய் நின்றபின் ஐந்து முதல் ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு எலும்பு வரை குறைந்துபோகலாம். எலும்பில் பழையதை அரித்தெடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் ஆயுசு பூராவும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. அரிப்பதை அடக்கி வைத்திருப்பது முட்டைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். உனக்கு நாற்பத்து நான்கு வயதிலேயே கர்ப்பப்பையோடு முட்டைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அப்போது எலும்பைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? வார்டில் வேலை பார்த்த காலத்தில் நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். கத்தி போட்ட காயத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

ராகிக்கூழ் குடித்தால் மாத்திரை வேண்டாம்தானே என்கிறாய். ராகி நல்லதுதான். நூறு கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, பாலை விட ஏறக்குறைய மூன்று மடங்கு. புளிக்க வைத்தோ முளைகட்டியோ செய்தால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். ஆனால் நம் வயதுப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு டம்ளர் கூழ் எந்த மூலைக்கு? பால், தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி எல்லாம் சேர்ந்தால்தான் கிட்டே வரும். பாலக்கை நம்பாதே, அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் எள். நம்மைச் சடங்கு சுற்றியபோது உளுந்தங்களியில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றித் தந்தார்களே, அந்த எண்ணெயில் கால்சியம் கிடையாது! கால்சியம் பெரும்பாலும் எள்ளின் தோலில் இருக்கிறது. ஆகவே தோல் நீக்காத கறுப்பு எள்ளை வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்.

இதெல்லாம் எலும்பைக் கட்டுவதற்கான சாமான்தான். வேலை இல்லாத இடத்தில் சாமானைக் கொட்டி என்ன பிரயோஜனம்? எலும்பு பாரத்துக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் டாக்டர் 1892லேயே எழுதி வைத்துவிட்டார். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதப்பவர்களுக்கு இடுப்பு எலும்பு மாதம் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. அவர்கள் சாப்பாட்டில் குறை வைப்பதில்லை, பாரம்தான் இல்லை. ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் கிடந்த காலை நான் எத்தனையோ பேருக்குப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஆடுசதை கைக்குள் அடங்கிவிடும். சதைக்கு ஆவது கண்ணுக்குத் தெரியும், எலும்புக்கு ஆவது தெரியாது.

தினமும் வாக்கிங் போகிறேனே என்பாய். போ, ஆனால் அது மட்டும் போதாது. உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பாதம் ரெண்டும் தரையில் பதிய, கையை ஊன்றாமல் எழுந்திரு. உட்காரும்போது தொப்பென்று விழாதே, மெதுவாக இறங்கு. முதல் நாள் தொடையில் நெருப்பாக எரியும், எரியட்டும். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. பால் பொங்கும்வரை ஒற்றைக் காலில் நில். குனிந்து காலைத் தொடுவது, முதுகை வளைத்துக் குடத்தைத் தூக்குவது, இரண்டையும் இன்றோடு நிறுத்து. உன் முதுகெலும்புக்கு அது ஆகாது. போன வருஷம் எங்கள் தெரு அம்மா ஒருவர் வாய்வுப் பிடிப்பு என்று மாதக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருந்தது. உயரம் ரெண்டு விரற்கடை குறைந்ததைக்கூட வயசாச்சு என்று விட்டுவிட்டார்.

வெயிலை ஜன்னல் கண்ணாடி வழியாக வாங்கினால் வைட்டமின் டி கிடைக்காது. பத்து, பதினொரு மணிக்கு மேல் மொட்டைமாடியில் வற்றல் காய வைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. ரத்தத்தில் அளவு பார்த்து டாக்டர் சொன்னால் 60,000 யூனிட் பாக்கெட்டைச் சொன்ன கணக்குக்கு மட்டும் குடி. மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அது மிஞ்சினாலும் விஷம்.

வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதியிருக்கிறாரே டாக்டர், அதை ஆரம்பித்துவிடு. தாடை எலும்பு அழுகிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் மிக அபூர்வம். புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி போட்டவர்களிடம்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடித்துவிடு. அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கு. அரை மணி நேரம் காபியும் கூடாது, படுக்கவும் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். உனக்குத் தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில்தானே? அந்த ஒரு நாள் எதை முன்னே போடுவது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள். கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

பாத்ரூமில் கைப்பிடி வைக்கச் சொல்லி அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல். டவல் கம்பியைப் பிடித்துக்கொள்வேன் என்று ஆரம்பிக்காதே, அது உன் எடையைத் தாங்காது. ராத்திரி எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

மருமகள் டயட் என்று பாலை நிறுத்திவிட்டாள் என்றாயே, அவளுக்கு என்ன, இருபத்தாறா? எலும்பு சேர்வதெல்லாம் முப்பதுக்குள்தான். உன் ரிப்போர்ட்டை அவளிடமும் காட்டு. உன் பேச்சைக் கேட்கமாட்டாள், அந்த எண்ணைப் பார்த்தால் கேட்டாலும் கேட்பாள்.

எள்ளுப்பொடி ஒரு டப்பா கூரியரில் அனுப்புகிறேன், உப்பு கம்மியாகத்தான் போட்டிருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுது. கிட்னி, ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி இரண்டும் பார்த்தார்களா என்று மறக்காமல் சொல்.

அன்புடன்,
சரோஜா