சாமர்ராவின் மண்மேடுகளைக் காத்துத் தாருங்கள்

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளன். ஈராக்கை நேரில் கண்டதில்லை. ஆனால் அங்குள்ள பழைய தலைநகரான சாமர்ராவின் வான்படங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். டைகிரிஸ் நதியோரம் 41 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்நகரின் தெருக்கள், முற்றங்கள், குதிரைப் பந்தயத் தடங்கள்வரை அவற்றில் தெரிகின்றன. தரையில் நின்று பார்ப்பவருக்கோ அவற்றில் பெரும்பகுதி வெறும் மண்மேடுதான். அந்த மண்மேடுகளுக்காகவே இம்மடல்.

சாமர்ரா என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது மல்வியா, சங்குபோல் சுற்றி ஏறும் 52 மீட்டர் உயர மினாரா. 2005-இல் குண்டுவெடிப்பில் அதன் உச்சி சிதைந்தபோது நானும் கலங்கினேன். ஆனால் அது சுட்ட செங்கல்லால் ஆனது, உடைந்தாலும் செப்பனிடலாம். நகரத்தின் பெரும்பகுதி எழுந்ததோ சுடாத பச்சைச் செங்கல்லால், அது மண்ணோடு கலைந்தால் மீட்க முடியாது.

பாக்தாதிலிருந்து இஸ்லாமியப் பேரரசை ஆண்ட அப்பாசிய மரபின் கலீபா அல்-முஃதசிம் 836-இல் தலைநகரை இங்கு மாற்றினார். அவருடைய துருக்கியப் படையினருக்கும் பாக்தாத் மக்களுக்கும் ஓயாத மோதல். அதனால் புதிய நகரில் படைப்பிரிவுகளுக்குத் தனித்தனிக் குடியிருப்புகளை ஒதுக்கினார். பாஸ்ராவிலிருந்து தேக்கும் பேரீச்ச மரங்களும் வந்து இறங்கின. 892-இல் தலைநகர் பாக்தாதுக்கே திரும்பியது. அப்படிக் கைவிடப்பட்டதால்தான் சாமர்ராவின் பெரும்பகுதிக்கு மேல் வேறு நகரம் எழவில்லை. 762-இல் கலீபா அல்-மன்சூர் தொடங்கிய பாக்தாதின் வட்ட நகரத்தில் இன்று பார்ப்பதற்கு ஒரு சுவர்கூட இல்லை. அப்பாசியர் நகரமைத்த முறையை மண்ணில் படிக்க நமக்கு வாய்த்த பேரிடம் சாமர்ராவே.

ஒரு சான்று சொல்கிறேன். பின்வந்த கலீபா அல்-முதவக்கில் சாமர்ராவுக்கு வடக்கே புதுநகரம் எழுப்பி, அதற்கு வாய்க்கால் வெட்டச் செய்தார். வானியல் அறிஞர் அல்-ஃபர்கானி தலைமடையை மற்றப் பகுதியைவிட ஆழமாகத் தோண்டிவிட்டதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் இப்னு அபீ உசைபிஆ எழுதியிருக்கிறார். ஆற்றில் வெள்ளம் உயர்ந்தால்தான் அதில் நீர் ஓடும். பிழை வெளிப்படும் முன்பே, 861-இல், கலீபா கொல்லப்பட்டார். மட்டம் பார்த்தே வாழ்ந்த எனக்கு இக்கதை நெஞ்சைத் தைக்கிறது. இது உண்மையா என்று நாளை ஒருவர் அத்தடத்தில் மட்டக் கருவியை வைத்து அளக்க வேண்டுமானால், அங்கே மண் கலையாமல் இருக்க வேண்டும்.

2007-இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதே இவ்விடத்தை ஆபத்துப் பட்டியலிலும் சேர்த்தீர்கள். நகரின் 80 விழுக்காடு இன்னும் அகழப்படவில்லை என்பதும் உங்கள் ஆவணத்திலேயே இருக்கிறது. ஆனால் அகழ்வாராய்ச்சி வரும்வரை டிராக்டர் காத்திருக்காது. ஒருமுறை ஆழ உழுதாலே 1,100 ஆண்டு கடந்த சுவர்த்தடம் கலைந்துவிடும். உழுபவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் நிலம் வேண்டும்.

ஆகவே, ஈராக் அரசோடு பேசும்போது மினாராவுக்கு முன்பாக இந்த மண்ணைப் பற்றிப் பேசுங்கள். எல்லைக் கோடு வரைபடத்தோடு நிற்காமல் நிலத்தில் கல்லாக நடப்பட வேண்டும். உள்ளூர் மக்களிலிருந்தே காவலர்களை நியமித்து மாதச் சம்பளம் கிடைக்க வழி செய்யுங்கள். நிலம் இழக்கும் உழவருக்கு மாற்று நிலமோ இழப்பீடோ கிடைக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை புதிய வான்படம் எடுத்து, பழையதோடு ஒப்பிட்டு, எந்தத் தெரு மறைந்தது என்பதை எல்லோரும் காண வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளன்