வைகாசிக்குள் நாடக மேடையை எழுப்பியாக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் திடலில் ஒரு நாடக மேடை உண்டு. உண்டு என்பதா, இருந்தது என்பதா தெரியவில்லை. ஐப்பசியில் ஒரு ராத்திரி அடித்த காற்றுமழையில் பக்கத்து வேப்பமரம் அதன்மேல் சாய்ந்ததில் தகரக் கூரை நொறுங்கி, பின்சுவரும் அதை ஒட்டிய வேஷம் கட்டும் அறையும் விழுந்துவிட்டன. தரை மட்டும் மிச்சம். ஆர்மோனியக்காரர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து சிமெண்ட் வழவழப்பாகிப்போன அந்த ஓரத்தில் இப்போது ஆடு படுத்துக் கிடக்கிறது.

மாசித் திருவிழாவுக்கு இரண்டு டிராக்டர் டிரெய்லர்களைச் சேர்த்துப் போட்டு வள்ளி திருமணம் நடத்தினோம். பின்சுவர் இல்லாததால் பாட்டு கண்மாய்ப் பக்கம் போய்விட்டது, மைக்கைக் கூட்டினால் ஊளை. பனியில் மிருதங்கத் தோல் இளகிச் சுதி இறங்க, பாவம் அந்த மனுஷர் ரெண்டு மணிக்கு மேல் வாசித்ததைவிடக் கல்லால் தட்டிச் சுதி சேர்த்த நேரம்தான் அதிகம். வள்ளி வேஷம் கட்டிய அம்மா மாட்டுக்கொட்டகையில் சேலை மாற்றினார். வள்ளியும் நாரதரும் வாதம் பண்ணுகிற தர்க்கம் சூடு பிடிக்கிற நேரத்தில் டிரெய்லர் ஆட, நாரதர் சளைக்காமல் அதையே கேலியாக்கிச் சமாளித்தார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

ஸ்பெஷல் நாடகம் என்றால் கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்படி வந்து விடிய விடியப் பாடுகிறவர்களுக்கு ஆடாத தரையாவது கொடுக்க வேண்டாமா?

இப்ப யார் நாடகம் பார்க்கிறா, கல்யாண மண்டபமாகக் கட்டினால் வாடகையாவது வரும் என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. மண்டபத்துக்கா மேலூரில் பஞ்சம்? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் சிறுவர்கள் நடிக்கும் பாலர் சபா தொடங்கியது இந்த மதுரையில்தான். திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விசுவநாததாஸ் 1940-ல் முருகன் வேஷத்தில், மயில்மேல் உட்கார்ந்தபடி மேடையிலேயே உயிரை விட்டார். அந்த முருகனும் வள்ளியும் எங்கள் ஊரில் ஒதுங்கி நின்று வேஷம் கட்ட இடம் இல்லை என்றால் எப்படி?

குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவதாகப் பேசியாகிவிட்டது. அது மட்டும் போதாது. திருப்பூர், கோவை, சிங்கப்பூர் என்று போயிருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கைகொடுக்க வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில், மக்கள் பங்கைக் கட்டினால் அரசுப் பணமும் சேருமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்கப்போகிறோம். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. பணம் இல்லாதவர்கள் ரெண்டு நாள் சித்தாள் வேலைக்கு வரலாம், சென்ட்ரிங் பலகை வைத்திருப்பவர்கள் வாடகை வாங்காமல் தரலாம். பக்கத்து ஊர்களில் மேடைக்குக் கட்டுகிற பழைய படுதா சும்மா கிடந்தாலும் வாங்கிக்கொள்வோம். ஆனால் மறுபடியும் தகரம் மட்டும் வேண்டாம், ஒரு தூறல் போட்டாலே பின்பாட்டு காதில் விழுந்ததில்லை. அப்புறம் உபயதாரர் பெயர்: சுவரில் ஒரே அளவு எழுத்தில் எழுதுவோம், டியூப்லைட்டில் எழுதி வெளிச்சத்தை மறைக்க வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இடிபாட்டை அள்ளுகிறோம். மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது, கடப்பாரைதான் குறைச்சல். இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேலூர் வட்டம்