தையல் பிரிக்கும் முன்பே திரும்பி வருகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனவர்கள், தையல் பிரிக்கும் முன்பே காய்ச்சலும் சீழுமாக மறுபடி வார்டுக்கு வருகிறார்கள். பல நேரம் இதற்குக் காரணம், டிஸ்சார்ஜ் அன்று வீட்டாருக்கு எடுத்துச் சொல்லாமல் விட்ட விஷயங்கள்தான்.

முதலில் சர்க்கரை. வார்டில் இன்சுலின் போட்டுக் கட்டுக்குள் வைத்திருப்போம். வீட்டுக்குப் போனதும் பழைய மாத்திரைக்கே திரும்புகிறார்கள், சிலர் அதையும் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை 200-க்கு மேலேயே நின்றால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு கூடும். போதாததற்குப் பத்தியம் வேறு. பருப்பும் முட்டையும் மீனும் சீழ் வைக்கும் என்று ரசஞ்சோற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். புண் கூடுவதற்கு அந்தப் புரதம்தான் வேண்டும். சிறுநீரகக் கோளாறு போன்ற காரணத்துக்காக டாக்டர் தடுத்தால் தவிர, தாராளமாகக் கொடுக்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. '1-0-1' என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று என்பது எத்தனை வீட்டில் தெரியும்? ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையையே வேறு பெயரில் மெடிக்கலிலும் வாங்கி, இரண்டையும் விழுங்குகிறவர்கள் உண்டு. ஆபரேஷனுக்காக நிறுத்திய ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மறுபடி என்றைக்குத் தொடங்குவது என்பதும் விடுபட்டுப்போகிறது.

சிறுநீர் டியூபோடு போகிறவர்களின் பையைக் கட்டிலில் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. மேலே வைத்தால் சிறுநீர் திரும்ப உள்ளே போய்க் கிருமி ஏறும். வயிற்று ஆபரேஷன் ஆனவர்கள் ஆறு வாரம் பளு தூக்கக்கூடாது என்கிறோம். ஒரு குடம் தண்ணீரே பத்து கிலோவைத் தாண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். புண் முழுசாக ஆறும்வரை வயல் சேற்றில் இறங்குவதும், ஆற்றிலோ வாய்க்காலிலோ குளிப்பதும், புண்ணில் மஞ்சள் அரைத்துப் பூசுவதும் கூடாது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றத்தோடு நீர் கசிந்தாலோ திங்கட்கிழமை ஓ.பி. வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காட்டுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். திடீரென மூச்சு வாங்கினால் உடனே 108.

கோடியக்கரைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே அரை நாள் ஆகிவிடும். அதனால்தான் 'பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். எனவே தமிழில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு தாள் கொடுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிற மகளோ மருமகளோ அதைத் திருப்பிச் சொல்லட்டும். மூன்றாம் நாள் வார்டிலிருந்து ஒரு போன் போகட்டும். 2021 முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடிப் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள், ஆபரேஷன் ஆன வீட்டில் புண்ணையும் ஒரு பார்வை பார்க்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தத் தாளின் தலைப்பில் வார்டின் போன் நம்பர் இருக்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு அடித்தாலும் எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அறுவை சிகிச்சை வார்டு செவிலியர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.