ஷில்டனிலிருந்து அப்பாவுக்கு

ஷில்டன், டர்ஹாம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? புது மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போட வேண்டும், வெறும் வயிற்றில் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன வாரம் போனில் கூட்ஸ் வண்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். இரண்டு தரம் "என்ன, என்ன" என்று கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். காது மெஷினைப் பெட்டியை விட்டு எடுப்பதே இல்லை என்று அம்மா புகார் சொல்கிறாள். சொல்ல வந்ததில் பாதி காற்றோடு போனால் உங்களுக்குத்தான் நஷ்டம். அதனால் எழுதியே விடுகிறேன்.

டார்லிங்டனில் வாடகை கட்டுப்படியாகாமல்தான் இந்த ஊருக்கு வந்தோம். சின்ன ஊர். ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள், ஒரு சரிவு, எந்நேரமும் காற்று. ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். அந்த ரயில் பாதை எது என்று தெரிந்தால் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவீர்கள். 1825 செப்டம்பர் 27ல் ஸ்டாக்டன் டார்லிங்டன் ரயில்வேயின் முதல் வண்டி என்ஜின் பூட்டிக் கிளம்பியது இந்த ஷில்டனிலிருந்துதான். நைட் ட்யூட்டி முடிந்து வரும்போது நான் அதில் தூங்கி வழிந்துகொண்டு வருகிறேன்.

இங்கே ஒரு பெரிய வேகன் ஒர்க்‌ஷாப் இருந்தது. 1984ல் மூடிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட இடம். நீங்கள் வேலை பார்த்த பொன்மலை ஷாப்பை ஒரு நாள் நிரந்தரமாகப் பூட்டினால் பக்கத்து ஜி கார்னர் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கதைதான். பக்கத்து வீட்டுக்காரர் அங்கே ரிவிட் அடித்தவர். மூடும்போது அவருக்கு இளவயது. அப்புறம் கிடைத்த வேலையெல்லாம் செய்து ரிட்டயர் ஆகிவிட்டார். என் அப்பாவும் வேகன் ஷாப்தான் என்று வேலியோரம் ஒரு நாள் சொன்னேன். அன்றிலிருந்து எனக்குப் பாடம் ஆரம்பம்.

முதல் பாடமே உங்களுக்கு நம்பிக்கை வராது. இந்த நாட்டின் பழைய நிலக்கரி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஹோஸ் வழியாக எல்லா வண்டியையும் ஒன்றாகப் பிடிக்கிற வாக்குவம் பிரேக்கே கிடையாது, அப்பா! இடையில் மூன்று வளையச் சங்கிலி, பக்கவாட்டில் கையால் அழுத்தும் ஒரு நீள லீவர், அவ்வளவுதான். முன்னால் என்ஜின் பிரேக், கடைசியில் கார்டு வேன் பிரேக், நடுவில் இருக்கும் ஐம்பது அறுபது வண்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகும். பெரிய இறக்கம் வந்தால் உச்சியில் நிறுத்தி, கார்டு இறங்கி நடந்து, வண்டி வண்டியாக லீவரை அழுத்தி முளை போட வேண்டும். கீழே வந்ததும் எல்லாவற்றையும் தூக்கிவிட வேண்டும். மழையிலும் பனியிலும் இதே வேலை. 1955ல் ரயில்வேயைப் புதுப்பிக்கத் திட்டம் போட்டபோது எல்லாவற்றுக்கும் பிரேக் மாட்டப்போவதாகச் சொன்னார்கள். ஆனாலும் 1980கள் வரைக்கும் பிரேக் இல்லாத வண்டிகள் ஓடியிருக்கின்றன. ஹோஸைப் பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே விடாத உங்களுக்கு இதைக் கேட்டால் ரத்தக்கொதிப்பு ஏறும். ரயிலைக் கண்டுபிடித்தவர்கள் என்ற பெருமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த லீவர்தான் ஞாபகம் வருகிறது.

காரணம் கேட்டேன். வண்டிகள் ரயில்வேக்குச் சொந்தமில்லை என்றார். சுரங்கக்காரர், கரி வியாபாரி, எரிவாயு ஆலை என்று ஆளுக்கு நூறு, ஐநூறு சொந்தமாக வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் தங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஓட்டியிருக்கிறார்கள். பிரேக்குக்கு யார் செலவு செய்வது? 1948ல் ரயில்வேயை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது இப்படிப்பட்ட தனியார் வண்டிகள் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். அந்த வண்டிகளின் நம்பருக்கு முன்னால் பிரைவேட் என்பதன் முதல் எழுத்தைச் சேர்த்தார்கள். பழைய ரயில்வே கம்பெனி வண்டி என்றால் எம், ஈ, டபிள்யூ, எஸ் என்று அது வந்த இடத்தின் எழுத்து. அரசாங்கமே கட்டியது என்றால் பிரிட்டிஷ் என்பதற்கு முதல் எழுத்து. பாதை வேலைக்கு ஒதுக்கியது என்றால் அதற்கும் முன்னால் ஒரு டி. அந்த எழுத்துகளை மட்டும் சரியாகப் படித்தாலே ஒரு வண்டியின் பிறப்பும் பிழைப்பும் பாதி தெரிந்துவிடும்.

ஆனால் இந்த வடகிழக்கு மூலை மட்டும் தனி. இங்கிருந்த நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே தனியாரை அவ்வளவாக உள்ளே விடவில்லை, வண்டிகளைத் தானே கட்டி ஓட்டியது. அதனால் மற்ற ஊர்களில் பக்கக் கதவைத் திறந்து மண்வெட்டியால் கரியை வாரிக்கொண்டிருந்தபோது, இங்கே அடிக்கதவு வைத்த இருபது டன் மர ஹாப்பர்கள் ஓடின. உயரமான மேடையில் வண்டியைத் தள்ளிக் கதவைத் திறந்தால் கரி தானாகக் கீழே கொட்டும். அந்தக் கல் மேடை ஒன்று இன்னும் இங்கே மியூசியத்தில் நிற்கிறது. மியூசியத்துக்கு டிக்கெட் இல்லை. பையன் நிரந்தர உறுப்பினர் மாதிரி ஆகிவிட்டான். ஹாப்பர்களுக்கும் முந்தியது சால்ட்ரன் என்கிற வண்டி. மேலே அகலம், கீழே குறுகல், நாலு சின்னச் சக்கரம். இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

இன்னொன்று, இங்கே வண்டியில் பூசியிருக்கும் கோடெல்லாம் அழகுக்கு இல்லை. பதினாறு டன் இரும்பு நிலக்கரி வண்டியில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஏறும். அது எந்த முனையில் மேலே போய் முடிகிறதோ அந்த முனையில்தான் திறக்கும் கதவு. சோல்பாரில், அதாவது அடிச்சட்டத்தின் பக்கவாட்டுச் சட்டத்தில், வெள்ளை நட்சத்திரம் இருந்தால், வாக்குவம் விடுவிக்கும் கயிறு அங்கே இருக்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் மூன்று செங்குத்து வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது அதிர்ச்சி தாங்கும் வண்டி. உடம்பு அடிச்சட்டத்தை விடக் கொஞ்சம் குட்டை. ஸ்பிரிங் மேல் முன்னும் பின்னும் நகரும். கண்ணாடி, ஓடு, பீங்கான் எல்லாம் அதில்தான் போகும். பிரேக் இல்லாமல் இடித்துக்கொண்டு போகும் ரயிலில் பீங்கான் ஏற்ற வேறு வழி?

உங்களுக்குப் பிடிக்கக்கூடியது வாழைப்பழ வேன். ஏவன்மவுத் மாதிரித் துறைமுகங்களில் கப்பலிலிருந்து பச்சைக் காயாக இறங்கும். இந்தக் குளிரில் விட்டால் கறுத்துப்போகும். அதனால் உள்ளே குளிர் ஏறாதபடி அடைப்பு போட்டு, என்ஜினிலிருந்து ஸ்டீம் குழாய் கொண்டுவந்து, நம்ம ஊரில் தாரை மூட்டம் போடுகிற மாதிரி வழியிலேயே பக்குவமாக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கூடுதல் அடைப்பு போட்ட வேனுக்கு மஞ்சள் வட்டம். மீன் வேனில் நீல வட்டம் இருந்தால் அதன் ஆக்சில் பாக்ஸில் ரோலர் பேரிங், வேகமாக ஓடலாம் என்று பொருள்.

பெயர்களும் வேடிக்கைதான். கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி தந்தியில் காசு மிச்சம் பிடிக்க ஒவ்வொரு வகைக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறது. மூடிய வேன் 'மிங்க்', கார்டு வேன் 'டோட்', பால் வேன் 'சைஃபன்', பள்ளமான பாரவண்டி 'குரோகடைல்', கப்பல் புரொப்பெல்லர் ஏற்றுவது 'மொரெல்'. பின்னால் வந்த அரசாங்க ரயில்வே பாதை வேலை வண்டிகளுக்கெல்லாம் மீன் பெயர் வைத்தது. ஜல்லி கொட்டிய பிறகு கலப்பை போல் தள்ளிக்கொண்டு வரும் வேனுக்குச் சுறா! நீங்கள் வீட்டில் பாக்ஸ், பி.சி.எக்ஸ், சி.ஆர்.டி என்று பேசும்போது அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். மீன் பெயராக இருந்திருந்தால் கொஞ்சம் கேட்டிருப்பாளோ என்னவோ.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். போன சனிக்கிழமை எனக்கு லீவு. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் காரில் ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனார். மாட்டுத் தீவனம் போட்டு வைத்திருக்கும் ஒரு மரக் கொட்டகை. பக்கத்தில் போனால் அது கூட்ஸ் வேன். சக்கரம், அடிச்சட்டம், பஃபர் எதுவும் இல்லை, உடம்பை மட்டும் நாலு சிலீப்பர் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ரயில்வே இப்படி ஆயிரக்கணக்கில் உழவர்களுக்கு விற்றிருக்கிறது. கோழிக்கூடு, கருவி அறை, தீவனக் கிடங்கு என்று இன்றும் வயல்களில் கிடக்கின்றன. பழைய ரயில் ஆர்வலர்கள் இவற்றைத் தேடித் தேடிப் பதிவு செய்கிறார்கள். ஏனென்றால் சில வகைகளில் ஓடும் வண்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை, இந்தக் கொட்டகை உடம்பு மட்டும்தான் மிச்சம்.

சோல்பார் இருந்தால் கம்பெனி வார்ப்புத் தகடு இருக்கும், நம்பர் இருக்கும், வேலை சுலபம். இங்கே அது இல்லை. பெரியவர் கதவுப் பக்கமே போகவில்லை. நேராக முனைப் பக்கம் போய் நின்று கூரையைப் பார்த்தார். மற்ற வேன்களில் கூரை லேசாக வளைந்திருக்கும். இதில் நடுவில் தட்டையாக வந்து ஓரத்தில் சட்டென்று இறங்குகிறது. "ஆஷ்ஃபோர்டு" என்றார். தெற்கே கென்ட்டில் இருந்த ஷாப், சதர்ன் ரயில்வேயின் கை. அப்புறம் பலகைகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். இரண்டு அகலப் பலகை, இரண்டு குறுகல் பலகை, மறுபடி இரண்டு அகலம். உலகப்போர் சமயத்தில் நல்ல மரம் கிடைக்காமல், கிடைத்த அளவுகளைக் கலந்து அடித்ததாம். இவ்வளவு தூரம் வடக்கே எப்படி வந்தது என்றேன். போரில் எல்லா வண்டிகளையும் பொதுவில் போட்டுவிட்டார்கள், அப்புறம் எது எங்கே போய் நின்றது என்று யாருக்கும் கணக்கு இல்லை, கடைசியாக எங்கே கழித்துக் கட்டினார்களோ அங்கேயே விற்றுவிட்டார்கள் என்றார்.

நம்பருக்குத்தான் ஒரு வித்தை. டார்ச்சைப் பலகைக்கு நேராகப் பிடிக்காமல், பலகையோடு ஒட்டிச் சாய்த்து அடிக்கச் சொன்னார். வெள்ளை எழுத்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயின்ட் இருந்தவரை அதன் அடியில் இருந்த மரம் மழையில் தேயவில்லை, சுற்றியிருந்த மரம் தேய்ந்திருக்கிறது. அதனால் எழுத்து இருந்த இடம் நூலிழை அளவு மேடாக நிற்கிறது. வெளிச்சம் சாய்ந்ததும் இடது மூலையில் எஸ் என்று ஓர் எழுத்து எழுந்து வந்தது, அதன் பின்னால் ஐந்து போல ஓர் இலக்கம். மிச்சத்தைப் பண்ணைக்காரர் தார் பூசி மூடியிருந்தார். பெரியவர் தாரைத் திட்டிய வார்த்தைகளை நான் எழுத முடியாது.

எனக்கு என்னவோ அந்த நேரம் உங்களைத்தான் தோன்றியது. திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கூட்ஸ் போனால் பேச்சை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பீர்களே, நாங்கள் சலித்துக்கொள்வோமே, அந்தப் பார்வைதான் இவருக்கும்.

இவர் இன்னொன்றும் சொன்னார். மியூசியத்தில் பளபளவென்று நிற்பதை நம்பாதே, உடம்பு ஒரு கம்பெனியுடையதாகவும் அடிச்சட்டம் இன்னொன்றுடையதாகவும் இருக்கும், மேலே பூசிய பெயின்ட் மூன்றாவதாகவும் இருக்கும் என்று. சில சமயம் இவர் கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படுகிறார். மியூசியக்காரர்கள் அதைத் தகவல் பலகையில் எழுதித்தான் வைக்கிறார்கள்.

ஜூன் மாதம் வருவதற்கு விசா வேலையைத் தம்பி ஆரம்பித்துவிட்டானா? ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், பென்ஷன் கணக்குடையது போதும். ஜூனிலும் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைத்தால் மியூசியம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், இல்லையென்றால் சக்கர நாற்காலி அங்கேயே தருவார்கள்.

பெரியவர் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். பழைய சவுத் இந்தியன் ரயில்வே மூடிய வேன்களில் நம்பரைப் பெயின்ட்டில் எழுதியதோடு விட்டார்களா, சோல்பாரில் உளி வைத்தும் வெட்டினார்களா? வெட்டியிருந்தால் எந்தப் பக்கம்? உங்களுக்கு மறந்திருந்தால் உங்கள் பழைய ஷாப் சினேகிதர்களிடம் கேட்டு எழுதுங்கள். போட்டோக்களைத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். கதவுக் கீல் தெரிகிற படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கீலில் ஒரு போல்ட் மட்டும் பிறகு மாற்றியது என்கிறார், எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
உங்கள் மகள்
செல்வி